லேப்டாப் புளூடூத் மக்கர்: டிரைவரா, டாங்கிளா, புதுக் கார்டா, வயரா?

போன மாதம் என் சித்தி மகள் லேப்டாப் பையோடு வீட்டுக்கு வந்தாள். பகலில் பள்ளி ஆசிரியை. மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறாள். அவளுடைய லேப்டாப்பில் புளூடூத் பட்டனே காணாமல் போயிருந்தது. சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் மதர்போர்டை மாற்ற வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். "அண்ணா, அவ்வளவு போட்டுச் சரிபண்ணணுமா, இல்ல வேற லேப்டாப்பே வாங்கிடலாமா?" என்று கேட்டாள். வைஃபை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. திரை, கீபோர்டு, சார்ஜ் எதிலும் குறையில்லை.

அவளுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். 18,000 ரூபாய்க்கும் புது லேப்டாப்புக்கும் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒரு பைசா செலவில்லாமல் லேப்டாப்பிலேயே செய்து பார்க்கும் வைத்தியம் ஒன்று. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வெளித் துளையில் செருகினால் புளூடூத் தரும் குட்டிக் கருவியான யூ.எஸ்.பி. டாங்கிள் ஒன்று. உள்ளே இருக்கும் வயர்லெஸ் கார்டை மட்டும் மாற்றுவது மூன்றாவது. புளூடூத்தையே விட்டுவிட்டு வயருக்கோ தனி ரிசீவருக்கோ போவது நான்காவது. நான் பார்த்தவரையில், பலரும் முதல் வழியை அரைகுறையாகச் செய்துவிட்டு நேராகப் பெரிய செலவுக்குப் போய்விடுகிறார்கள்.

எந்தக் கோளாறு என்று முதலில் பிரியுங்கள்

புளூடூத் வேலை செய்யவில்லை என்ற ஒரே புகாருக்குள் மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கும்.

முதலாவது, ஆளே இல்லாமல் போவது. செட்டிங்ஸில் ஆன் செய்யும் பட்டன் இருக்காது. விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் புளூடூத் என்ற பிரிவே இருக்காது. பல நேரம் அதற்குப் பதிலாக யூ.எஸ்.பி. பட்டியலில் மஞ்சள் முக்கோணத்தோடு 'அன்னோன் யூ.எஸ்.பி. டிவைஸ்' என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைத் திறந்தால் 'கோட் 43' என்று காட்டும். புளூடூத்துக்கும் யூ.எஸ்.பி.க்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். வைஃபைக்கும் புளூடூத்துக்கும் லேப்டாப்பில் ஒரே கார்டுதான். ஆனால் பெரும்பாலான கார்டுகளில் அங்கிருந்து மதர்போர்டுக்கு இரண்டு பாதைகள் போகின்றன: வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக, புளூடூத் யூ.எஸ்.பி. வழியாக. வைஃபை ஓடிக்கொண்டிருக்கும்போதே புளூடூத் மட்டும் படுத்துக்கொள்வது இதனால்தான். என் தங்கையின் லேப்டாப்பிலும் இதே மஞ்சள் முக்கோணம் இருந்தது.

இரண்டாவது, இணைந்து இணைந்து அறுந்துபோவது. பாட்டு விக்கும், மவுஸ் அம்பு துள்ளும், எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் ஹெட்செட் கழன்றுவிடும்.

மூன்றாவதைக் கோளாறு என்றே சொல்லக்கூடாது, ஆனால் இதற்காகப் பணத்தைக் கொட்டியவர்கள் நிறையப் பேர். பாட்டு அருமையாகக் கேட்கும். ஜூமோ மீட்டோ திறந்ததும் எல்லாக் குரலும் பழைய டெலிபோனில் பேசுவதுபோல அடைத்துக்கொள்ளும். வழக்கமான புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு முறை, மைக்கோடு பேசுவதற்கு வேறொரு முறை. பாட்டு முறையில் ஒலி ஒரு திசையில் மட்டும், ஸ்டீரியோவாக, தாராளமாக வரும். மைக் திறந்த கணமே பேச்சு முறைக்கு மாறும். அதில் ஒலி மோனோவாகி, ஒலியை மாதிரி எடுக்கும் வேகம் (சாம்பிளிங்) 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். டாங்கிள் வாங்கினாலும், கார்டை மாற்றினாலும், பெயர்பெற்ற ஹெட்செட் வாங்கினாலும் இந்த இறக்கம் இருக்கத்தான் செய்யும். இதற்கான தீர்வுக்குக் காசே வேண்டாம். மீட்டிங் செட்டிங்ஸில் ஸ்பீக்கராக ஹெட்செட்டையும் மைக்காக லேப்டாப்பில் உள்ள மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஒலி உடனே திறந்துகொள்ளும். எல்.இ. ஆடியோ என்ற புது முறை இந்தக் குறையைப் போக்க வந்ததுதான். ஆனால் லேப்டாப், ஹெட்செட் இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும், விண்டோஸ் 11-ம் வேண்டும். ஏற்கெனவே கையில் இருக்கும் பழைய ஹெட்செட் அப்டேட் போட்டு அதற்கு மாறிவிடும் என்று நம்ப வேண்டாம்.

எது நோய் என்று பிரிக்க ஒரு சின்னச் சோதனை போதும். அதே ஹெட்செட்டைப் போனில் இணைத்துப் பாருங்கள். வேறொரு ஹெட்செட்டையோ மவுஸையோ லேப்டாப்பில் இணைத்துப் பாருங்கள். ஹெட்செட் போனிலும் தகராறு செய்தால் லேப்டாப்பைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. இன்னொன்று: இயர்பட்ஸ் பெட்டியைத் திறந்ததும் பக்கத்தில் இருக்கும் போன் முந்திக்கொண்டு அதை இழுத்துக்கொள்ளும், லேப்டாப்பில் 'கனெக்ட் ஆகவில்லை' என்று வரும். போனில் புளூடூத்தை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு முயன்றால் விஷயம் தெரிந்துவிடும்.

காசில்லா வைத்தியம்

காணாமல் போன புளூடூத்துக்கு நான் முதலில் செய்வது லேப்டாப்பின் மின்சாரத்தை முழுக்க வடிப்பது. ரீஸ்டார்ட் போதாது, ஷட்டவுனும் போதாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற ஏற்பாடு இருக்கிறது. சாதாரண ஷட்டவுனில் கணினி தன் உள்நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு படுக்கிறது, மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு எழுகிறது. ரீஸ்டார்ட் விண்டோஸைப் புதிதாகத் தொடங்கும், ஆனால் வயர்லெஸ் கார்டுக்குப் போகும் மின்சாரம் பெரும்பாலும் நிற்பதில்லை. கார்டுக்குள் இருக்கும் சிப் தொங்கிப் போயிருந்தால் தொங்கியபடியே இருக்கும்.

எனவே ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். சார்ஜரையும், பென்டிரைவ் முதல் மவுஸ் வரை செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். கோட் 43 காட்டிய லேப்டாப்புகளில் இது மட்டுமே போதுமாக இருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தங்கையின் லேப்டாப்பிலும் புளூடூத் திரும்ப வந்தது. மதர்போர்டு போய்விட்டது என்று தீர்ப்பு எழுதியவர்கள் இந்த அரை நிமிடத்தைச் செலவழிக்கவில்லையே என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அடுத்தது டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள். லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், அடிப்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணைக் கொடுத்து, அங்கே கிடைக்கும் புளூடூத் டிரைவரை எடுங்கள். 'எல்லா டிரைவரையும் நாங்களே தேடித் தருவோம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஏதாவது ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் பிரச்சினை தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் புளூடூத் கார்டின் பண்புகளுக்குள் போய் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். பக்கத்திலேயே 'பவர் மேனேஜ்மென்ட்' என்ற தாள் இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் சும்மா இருந்தால் மவுஸ் தூங்கிப்போகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் மருந்து.

இணைந்து இணைந்து அறுந்துபோகும் நோய்க்கு டிரைவரைவிடக் காற்றுதான் முக்கியம். புளூடூத் 2.402 முதல் 2.480 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் ஓடுகிறது. பழைய வைஃபையும் அதே பட்டை, மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். வழக்கமான புளூடூத் இந்தப் பட்டையை 79 வாய்க்கால்களாகப் பிரித்துக்கொண்டு விநாடிக்கு 1,600 முறை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். நெரிசலான வாய்க்கால்களை ஒதுக்கித் தாவும் வித்தை 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே அதற்குத் தெரியும். ஆனால் பத்து வீட்டு வைஃபையும் ஒன்றாக மோதும் அடுக்குமாடியில் ஒதுங்க இடமே இருக்காது. அதோடு விலை குறைந்த லேப்டாப்புகள் சிலவற்றில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் சேர்த்து ஒரே ஆன்டெனாதான். லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பெரிய கோப்பை இறக்கிக்கொண்டிருந்தால், இரண்டும் அந்த ஒரே ஆன்டெனாவை முறைவைத்துப் பயன்படுத்த வேண்டும். பாட்டு விக்குவது அங்கேதான். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் லேப்டாப்பை அதற்கு மாற்றுங்கள். என் வீட்டில் இந்த ஒரு மாற்றம் செய்த நன்மையை வேறெதுவும் செய்ததில்லை.

யூ.எஸ்.பி. 3.0 பென்டிரைவும் ஹார்டு டிஸ்க்கும் இன்னொரு எதிரி. அவற்றின் வேகமான சிக்னல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கொட்டுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஹார்டு டிஸ்க்கைச் செருகும்போது மட்டும் மவுஸ் துள்ளுகிறதா என்று கவனியுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கோளாறு தீரவில்லை என்றால், செலவு செய்யும் முன் கடைசியாக ஒரு சோதனை. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்புங்கள். அங்கே புளூடூத் வேலை செய்தால் கார்டு நலமாக இருக்கிறது, தகராறு விண்டோஸில்தான். அங்கேயும் ஆள் இல்லை என்றால், சந்தைக்கு அண்மையில் வந்த கார்டாக இல்லாத பட்சத்தில், பழுது வன்பொருளில்தான் என்று ஏறக்குறைய முடிவுகட்டலாம். தங்கையின் லேப்டாப்பில் திரும்ப வந்த புளூடூத் இரண்டே வாரத்தில் மறுபடி போய்விட்டது. மின்சாரத்தை வடித்தபோது ஒருமுறை வந்தது, மறுமுறை வரவில்லை. லினக்ஸிலும் இல்லை.

டாங்கிளா, கார்டா?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோருக்கு என் பதில் டாங்கிள். முதல் காரணம் விலை அல்ல. காணாமல் போன புளூடூத்தில் பழுது கார்டுக்குள்ளும் இருக்கலாம், கார்டிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் அந்த உள் யூ.எஸ்.பி. பாதையிலும் இருக்கலாம். பாதை போயிருந்தால், புதுக் கார்டு மாட்டினாலும் வைஃபை வரும், புளூடூத் வராது. டாங்கிள் வெளித் துளையில் செருகுவதால் அந்தப் பாதையையே தொடுவதில்லை. இரண்டில் எது பழுதாக இருந்தாலும் வேலை செய்யும்.

டாங்கிள் வாங்கும்போது மூன்று விஷயம். ஒன்று, விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புளூடூத் ரேடியோவைத்தான் கையாளும். பழைய உள் புளூடூத் அரைகுறையாக உயிரோடு இருந்தால் டிவைஸ் மேனேஜரில் அதை டிஸேபிள் செய்துவிட்டுத்தான் டாங்கிளைச் செருக வேண்டும். இதைச் செய்யாமல் 'டாங்கிளும் தகராறு' என்று கடையில் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பழைய இணைப்புகளும் புது ரேடியோவுக்கு வராது, எல்லாவற்றையும் முதலிலிருந்து இணைக்க வேண்டும்.

இரண்டு, சிப். பெட்டியில் 5.0, 5.3 என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. சி.எஸ்.ஆர். என்ற பழைய சிப்பின் போலிகள் சந்தையில் ஏராளம். அவற்றைச் சமாளிப்பதற்கென்றே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் தனியாக நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டிபி-லிங்க் யூ.பி. 500 போல, ரியல்டெக் சிப் வைத்த, பெயர் தெரிந்த நிறுவனத்தின் டாங்கிளாக, பில்லோடு வாங்குங்கள். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது அல்ல. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்குச் சற்றே புதிய கெர்னல் தேவைப்படும்.

மூன்று, செருகும் இடம். யூ.எஸ்.பி. 3.0 ஹார்டு டிஸ்க்கின் பக்கத்துத் துளையில் டாங்கிளைச் செருகினால், தீர்க்க வந்த நோயையே திரும்ப வரவழைத்த மாதிரி. யூ.எஸ்.பி. 2.0 துளை இருந்தால் அதில், முடிந்தால் அரை மீட்டர் நீட்டிப்பு வயரில் செருகி மேஜைமேல் வையுங்கள். உலோக உடல் கொண்ட லேப்டாப்பில் இந்த வயர் பெரிய வித்தியாசம் தரும்.

டாங்கிளின் குறையும் சொல்ல வேண்டும். ஒரு யூ.எஸ்.பி. துளையை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும். பையில் போட்டுத் தினமும் பேருந்தில் ஏறி இறங்குபவர்களுக்கு, நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் ஒருநாள் உடையும். டைப்-சி துளைகள் மட்டுமே உள்ள மெல்லிய லேப்டாப் என்றால் கன்வெர்ட்டர் வேறு வேண்டும்.

கார்டை மாற்றுவது எப்போது நல்லது என்றால், வைஃபையும் சேர்ந்து தகராறு செய்யும்போது. வேகம் குறைவு, சிக்னல் பிடிப்பதில்லை, புளூடூத்தும் விக்குகிறது என்றால், ஒரே ஆன்டெனா கொண்ட விலை குறைந்த கார்டைத் தூக்கிவிட்டு நல்ல கார்டு போடுவது லேப்டாப்புக்கே புது உயிர் கொடுக்கும். ஆனால் லேப்டாப்புக்குள் இரண்டாவது ஆன்டெனா வயர் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். சில மலிவு மாடல்களில் ஒன்றுதான் ஓடவிட்டிருப்பார்கள்.

பெரும்பாலான லேப்டாப்புகளில் இந்தக் கார்டு எம்.2 2230 என்ற அளவில், 22 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளத்தில், ஒரே ஸ்குரூவில் உட்கார்ந்திருக்கும். சில மெல்லிய மாடல்களில் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். இன்டெல் ஏஎக்ஸ் 210 தனித்து இயங்கும் கார்டு, ஏஎம்டி பிராசஸர் கொண்ட லேப்டாப்பிலும் ஓடும். ஏஎக்ஸ் 201, ஏஎக்ஸ் 211 அப்படியல்ல. வயர்லெஸ் வேலையின் ஒரு பகுதியை இன்டெல் சிப்செட்டிடம் ஒப்படைத்துவிட்ட கார்டுகள் அவை, ஏஎம்டியில் செத்த கட்டை. உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே 201-ஓ 211-ஓ இருந்தால், அதே எண்ணைத் திரும்ப வாங்குவதுதான் பத்திரம். சில பழைய லேப்டாப்புகளின் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே கிளம்பும் உள் நிரல்), நிறுவனம் அனுமதித்த கார்டுகளைத் தவிர வேறெதையும் ஏற்காது. மாட்டியதும் திரையில் எச்சரிக்கை வந்து நின்றுவிடும். உங்கள் மாடலில் அந்தத் தடை உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

மாட்டுவதில் கஷ்டமான ஒரே இடம் அந்த இரண்டு ஆன்டெனா வயர்கள். தலை குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நேர் மேலே வைத்து, விரல் நகத்தால் மெல்ல அழுத்தினால் 'க்ளிக்' என்று உட்காரும். கோணலாக அழுத்தினால் நசுங்கிவிடும். சரியாக உட்காராத வயர் கொண்ட லேப்டாப்பில் புளூடூத் இருக்கும், ஆனால் இரண்டடி தாண்டாது. உங்கள் லேப்டாப்பை யாராவது அண்மையில் ரேம் போடவோ தூசி தட்டவோ திறந்திருந்து, அதற்குப் பிறகுதான் புளூடூத் பலவீனமானது என்றால், கார்டு வாங்கும் முன் இந்த வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். வாரன்டி இன்னும் ஓடுகிறது என்றால் நீங்களாகத் திறக்காதீர்கள். அவர்களே இலவசமாக மாற்றித் தர வேண்டிய பொருள் அது.

புளூடூத்தை விட்டுவிடுவது

இதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். மவுஸ், கீபோர்டுக்குத் தனி ரிசீவரோடு வருபவை பல வேலைகளுக்கு புளூடூத்தைவிடச் சிறந்தவை. விண்டோஸ் கிளம்பும் முன்பே, பயாஸ் திரையிலேயே வேலை செய்யும். புளூடூத் கீபோர்டு அங்கே பொதுவாக உதவாது. அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் ரிசீவர் வகையை விரும்புவதற்கு இது முக்கியக் காரணம்.

ஹெட்செட்டுக்கு மட்டும்தான் புளூடூத் வேண்டும் என்றால், ஒலி அனுப்புவதற்கென்றே வரும் டாங்கிள் ஒரு வகை இருக்கிறது. கிரியேட்டிவ் நிறுவனத்தின் பி.டி.-டபிள்யூ வரிசை ஓர் எடுத்துக்காட்டு. கணினியின் பார்வையில் அது வெறும் யூ.எஸ்.பி. சவுண்டு கார்டு. இணைப்பு வேலை முழுக்க டாங்கிளுக்குள்ளேயே நடப்பதால் விண்டோஸின் புளூடூத் சிக்கல்கள் எதுவும் அதைத் தொடாது. விலை சாதாரண டாங்கிளைப் போலப் பல மடங்கு. மவுஸும் கீபோர்டும் இதில் இணையாது.

அப்புறம் வயர். நாள் முழுக்கப் பேசுபவர், பாடம் எடுப்பவர், நேர்முகத் தேர்வுக்கு உட்காருபவர், பாட்டு பதிவு செய்பவர்: இவர்களுக்கு என் முதல் தேர்வு வயர்தான். சாதாரண புளூடூத்தில் ஒலி பொதுவாக 100 மில்லி விநாடிக்கு மேல் தாமதமாக வரும். தாளம் போடுபவருக்கு அது ஆகவே ஆகாது. மைக்குக்காகக் குரல் அடைபடும் சங்கதியும் வயரில் கிடையாது. சார்ஜ் தீர்ந்து பாதியில் நிற்காது.

தங்கை எடுத்த முடிவைச் சொல்கிறேன். கார்டு வேண்டாம் என்றாள். வைஃபை நன்றாக ஓடுகிறது, உள் பாதை போயிருந்தால் கார்டுக் காசு வீண். டாங்கிள் ஒன்று வாங்கி, உள் புளூடூத்தை டிஸேபிள் செய்து, இடப்பக்க யூ.எஸ்.பி. 2.0 துளையில் நீட்டிப்பு வயரோடு செருகினோம். வகுப்புக்கு மட்டும் மைக் வைத்த வயர் இயர்போன். முதல் நாள் வகுப்பு முடிந்ததும் போன் செய்தாள். "மிஸ், இன்னைக்கு உங்க வாய்ஸ் கிளியரா கேக்குது" என்று ஒரு பையன் சொன்னானாம். இத்தனை மாதம் புளூடூத் நெக்பேண்டில் அடைபட்ட குரலைத்தான் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.